எனக்கு வேண்டிய உறுமல்

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால், "அப்ப பாட மாட்டியா?" என்று கேட்பார்கள். திண்டுக்கல், வத்தலக்குண்டுப் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் பெண்ணுக்கு என்று இருக்கிற இடம் மைக்குக்கு முன்னால்தான். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, டூயட். பின்வரிசையில் நின்று நான்கு தடித்த கம்பிகளை மீட்டுவது ஆணின் வேலை. நான் சேவுகம்பட்டிக்காரி. அம்மா பட்டிவீரன்பட்டியில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போனவர். தாய்மாமா ஒரு குழுவில் பேஸ் வாசித்தவர். அவருக்கு விரல்கள் மரத்துப்போன பிறகு அந்தக் கிட்டார் என்னிடம் வந்தது. "அது சத்தமே கேக்காத வாத்தியம், வாசிச்சா வாசிச்சுட்டுப் போறா" என்றுதான் வீட்டில் அனுமதி கிடைத்தது.

அந்த அனுமதியின் பொருள் எனக்கு மேடையில்தான் விளங்கியது. பேஸ் இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் பாட்டு பொத்தென்று விழும். சமைப்பது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளை பார்ப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கல்லூரித் தோழிகள் நால்வர் குழுவாகச் சேர்ந்து பக்கத்து ஊர்த் திருவிழாவில் வாசித்தோம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கே நான் வாசித்தது கேட்கவில்லை. மிக்சரில் இருந்த அண்ணனிடம் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு போதும்மா" என்றார். அதன்பிறகுதான் ஃபஸ் பெடல் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

ஃபஸ் என்பது காலால் மிதித்து இயக்கும் சிறிய உலோகப் பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மின்னலையை அளவு மீறிப் பெருக்கி, அதன் உச்சிகளைச் சீவிவிடும். வளைந்து வளைந்து போன அலை ஏறக்குறையச் சதுரமாகிவிடும். அப்போது மூல சுரத்தோடு அதன் மடங்குகளும் நிறையச் சேர்ந்துகொள்ளும். காதுக்கு அது உறுமலாகக் கேட்கும்.

ஃபஸ் என்றாலே லீட் கிட்டார்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைப் பிரபலமாக்கிய விதம் அப்படி. ஆனால் அது பிறந்தது பேஸில். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவில், கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தார். மிக்சரில் பழுதான ஒரு பகுதி அந்த ஒலியைக் கரகரக்க வைத்தது. அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961-இல் அந்தப் பாட்டு வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பைத் தரும் மின்சுற்றை உருவாக்க, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் விற்பனைக்கு வந்தது.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். "தம்பிக்கா பாப்பா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும், "பேஸுக்கு எதுக்கு ஃபஸ்? நீங்க சும்மா பின்னாடி வாசிக்கிறதுதானே" என்றார். வாசித்துப் பார்க்க விட்டார், அதற்கு நன்றி.

முதலில் பார்த்தது ஃபஸ் ஃபேஸ் வகை. இரண்டே டிரான்சிஸ்டர். பழைய பாணியில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டிருந்தால் ஒலி மென்மையாக இருக்கும். ஆனால் ஜெர்மானியம் வெப்பத்துக்கு அசைந்து கொடுக்கும். சூடு ஏற ஏற மின்கசிவு கூடி ஒலி மாறிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரை மேடையில் அதை நம்ப முடியாது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் அந்தச் சூட்டைத் தாங்கும்.

அடுத்தது பிக் மஃப் வகை. தனியாக வாசிக்கும்போது மலைபோல இருந்தது. ஆனால் அதன் இயல்பே நடு அலைவரிசையைக் குறைத்துவிடுவது. டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு எல்லாம் சேர்ந்தால் நடுவில்தான் போட்டி. அங்கே நான் காணாமல் போய்விடுவேன். அதோடு, கிட்டாருக்கென்று செய்த பல பெடல்கள் பேஸின் அடிக்கனத்தைச் சீவி எறிந்துவிடுகின்றன. கேட்க வேண்டும் என்பதற்காக என் வேலையையே விட்டுவிட்டு இன்னொரு கிட்டாராக மாறுவதில் எனக்கு விருப்பமில்லை.

அதனால் எனக்கு வேண்டியது கலவைக் குமிழ் உள்ள பெடல் என்று தெரிந்தது. சுத்தமான பேஸ் ஒலி ஒரு வழியாகவும் உறுமல் இன்னொரு வழியாகவும் போய்க் கடைசியில் சேரும். எது எவ்வளவு என்பதை நான் வைத்துக்கொள்ளலாம். அடித்தளமும் நிற்கும், ஆளும் தெரிவாள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. நம் ஊர்க் குழாய் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வரவே வராது, கைபேசியிலும் வராது. ஆனால் ஃபஸ் சேர்க்கும் மடங்குகள், 82, 124, 165 என்று மேலே போகப் போக, வரும். அந்த மடங்குகளைக் கேட்ட மூளை, வராத அடிச்சுரத்தைத் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

விலை என் கைக்கு எட்டவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த தோழியோடு திண்டுக்கல்லில் ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் வாங்கும் கடைக்குப் போய், பிசி 547 டிரான்சிஸ்டர்களும் மற்றவையும் வாங்கிவந்தோம். ஒரு வாரம் ஈயம் பற்றவைத்து முடித்தோம். கலவைக் குமிழும் வைத்தோம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் பெடல் சாகாது.

முதலில் கேட்டது அப்பத்தா. "இதென்னடி, உறுமி மாதிரி இருக்கு" என்றார். சரியாகச் சொன்னார். உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல். அதை ஒரு பெண் தோளில் மாட்டி அப்பத்தா பார்த்ததில்லை. நான் பறையில் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். சாதி இழிவாகச் சுமத்தியதையும், ஆண்கள் தங்களுடையது என்று வைத்திருந்ததையும் ஒரே அடியில் கையில் எடுத்தவர்கள் அவர்கள். பேஸிலும் எனக்கு முன்னால் ஆட்கள் உண்டு. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கேரல் கே, ஏ.ஆர்.ரஹ்மானோடு மேடையேறிய மோகினி டே.

பெடல் தேடும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்து வாங்காதீர்கள். தனியாக இருக்கும்போது எல்லா ஒலியும் பெரிதாகத்தான் இருக்கும். முழுக் குழுவோடு வாசித்து, ஒருவரைக் கடைசி வரிசையில் நிற்க வைத்துக் கேளுங்கள்.

இப்போது ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு முன் வாசித்தவருக்குக் கொடுத்த அதே தொகையைக் கேட்டிருக்கிறேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். யோசிக்கட்டும். நான் குறைப்பதாக இல்லை.