கப்பலில் போகிறோம்



ஒரு வாரமாக போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்வி. "டீச்சர், நீங்களும் சாரும் கப்பல்ல அந்தமான் போறீங்களாமே, உண்மையா?" உண்மைதான். பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் இந்த ஆசை என்று சொல்கிறேன். என் மாமனார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். ரஜூலா கப்பலில் போய்வந்தவர். 1926ல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. டெக் பயணிகளாக ஆயிரக்கணக்கான பேர் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டு போவார்களாம். மாமனார் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் கப்பல் கதைதான். அதைக் கேட்டு வளர்ந்தவர் எங்கள் வீட்டுக்காரர். மில்லில் ஷிப்ட் வேலை, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று எழுபத்திரண்டு வயது ஆகிவிட்டது. ஒரு தடவைகூடக் கப்பல் ஏறவில்லை.

சரி, எழுபத்திரண்டு வரை பொறுத்தவர் இன்னும் நாலு வருஷம் பொறுக்கலாமே என்று கேட்பீர்கள். பொறுக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் சிலருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இப்போது சொல்கிறேன். சாருக்கு இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெடுகிற நோய். ஓரப் பார்வை முதலில் போகும், பிறகு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தெல்லாம் இருப்பதைக் காப்பாற்றத்தான். போன ஐப்பசியில் பரிசோதனை செய்த டாக்டரம்மா அந்தப் படத்தைக் காட்டினார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தைவிடக் கறுப்பு கூடியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் சார் ஒன்றும் பேசவில்லை. வில்லாபுரம் வளைவு வந்ததும், "கடல்ல ஒரு தடவை போயிரணும்" என்றார். அவ்வளவுதான். நானும் வேறு எதுவும் கேட்கவில்லை.

எந்தக் கப்பல் என்று முடிவு செய்ய இரண்டு மாதம் ஆனது. நாலு வழிகளைப் பார்த்தோம். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதலாவது, சொகுசுக் கப்பல். கோர்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. நீச்சல் குளம், நாடகம், பாட்டு, பலவகைச் சாப்பாடு எல்லாம் உள்ளேயே உண்டு. பேரப்பிள்ளைகளோடு போனால் அருமையாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது கடல் மட்டும். பாட்டுச் சத்தமும் விளக்குத் தோரணமும் சாருடைய கண்ணுக்கு ஒத்துவராது.

இரண்டாவது, லட்சத்தீவு. கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் 'சமுத்ரம்' என்று ஐந்து நாள் சுற்றுலா நடத்துகிறார்கள். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பார்க்கலாம். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாறித் தீவில் இறங்க வேண்டியிருக்கும். ஆடுகிற படகில் கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியாதவருக்கு அது ஆபத்து. அதையும் விட்டோம்.

மூன்றாவது, நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். 2023 அக்டோபரில் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. நாலு மணி நேரப் பயணம். நம் பக்கத்து ஊர்ப் பெயர் வைத்த கப்பல் என்பதால் எனக்கு ஆசைதான். "நாலு மணி நேரம் மெட்ராஸ் பஸ்ஸுக்கே பத்தாது" என்று சார் சிரித்துவிட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், இங்கே வாங்க. இங்கேயிருந்து பினாங்குக்கே கப்பல் போகுது" என்றான். மனசு ஆடியது. பாஸ்போர்ட், விமானம், காப்பீடு என்று கூட்டிப் பார்த்தால் எங்கள் பென்ஷனுக்கு எட்டாத தொகை. அவன் கட்டுகிறேன் என்றான். அவன் குணத்துக்கு நன்றி. ஆனால் சார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "எங்கப்பா தாண்டுன கடல் வங்கக் கடல். அது மெட்ராஸ்லயே இருக்கு."

அப்படித்தான் நாலாவது வழிக்கு வந்தோம். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுப் பயணிகள் கப்பல். இது சுற்றுலாக் கப்பல் இல்லை. தீவு மக்கள், வேலைக்குப் போகிறவர்கள், வியாபாரிகள் ஏறும் கப்பல். பங்க் வகுப்பில் ரயில் ஸ்லீப்பர் மாதிரி வரிசை வரிசையாகப் படுக்கை, பொதுக் கழிவறை. மேலே போகப்போக கேபின்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கும் வயசு எங்களுக்கு. அதனால் கழிவறை உள்ளேயே இருக்கும் இரண்டு பேர் கேபினுக்குப் பணம் கட்டினோம். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம், இதில் மட்டும் இல்லை.

இனி வீட்டில் நடந்த வழக்கு. பெரியவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "அம்மா, நம்ம வீட்டு மாடியில நின்னா பெருங்குடி ஏர்போர்ட்டுக்குப் போற பிளேன் தெரியுது. சென்னை போய் இன்னொரு பிளேன் ஏறினா ரெண்டரை மணி நேரம். எதுக்கும்மா மூணு நாள்? நடுக்கடல்ல அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்க?"

நியாயமான கேள்வி. கோபப்படுவதற்கு ஒன்றும் இல்லை. கப்பலில் டாக்டர் இருப்பார், முதலுதவி இருக்கும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது. நடுக்கடலில் ஆம்புலன்ஸ் வராது. அதைத் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே மூன்று டாக்டரிடம் போனோம். இ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, போகலாம் என்று எழுதி வாங்கினோம். பெரியவனோடு ஒரு சமரசமும் செய்தேன். போவது கப்பல், திரும்புவது விமானம். அவனே திரும்பும் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தான். அதுவே அவன் சம்மதம்.

கண் டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். கடலில் வரும் குமட்டலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். அதில் சில மாத்திரைகள் சில வகை க்ளாக்கோமா உள்ளவர்களுக்கு ஆகாது. கண் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த நோய் இருந்தால், பஸ் வாந்திக்குக்கூடக் கேட்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். சாருக்கு எது ஆகும் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார்.

குமட்டல் ஏன் வருகிறது என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு இருக்கிறது. கேபினுக்குள் இருந்தால் சுவர் அசையவில்லை என்று கண் சொல்லும். ஆடுகிறோம் என்று காது சொல்லும். இரண்டும் சண்டை போட்டால் வயிறு புரளும். அதனால் வெளியே வந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. நம் வீட்டு இஞ்சி மொரப்பா நல்ல துணை. அரைக்கிலோ கிண்டி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது அப்படி வந்த புயல்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை அதிகம். இரண்டுக்கும் நடுவில் தை, மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அப்படியும் கப்பல் கிளம்பும் தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளலாம். சென்னையில் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க ஏற்பாடு செய்தாகிவிட்டது.

இப்போது வீட்டில் நடப்பது பயிற்சி வகுப்பு. கப்பலில் கதவு நிலைப்படி உயரமாக இருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. படிகள் செங்குத்து. ஓரப் பார்வை இல்லாதவருக்குக் காலடி தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் மாடிப்படியில் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி, பத்து தடவை ஏறி இறங்குகிறார். ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேபினிலிருந்து மேல்தளம் போக எத்தனை கதவு, எந்தப் பக்கம் திருப்பம் என்று ஏறிய முதல் மணி நேரத்திலேயே எண்ணிக் கையால் தொட்டுப் பழக வேண்டும் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ரஜூலாவுக்குப் பிறகு அதே தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தச் சேவையே அதோடு நின்றது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஆசிரியர் அறையில் பேப்பரைச் சுற்றி எல்லாரும் நின்றது ஞாபகம் இருக்கிறது. 2012ல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்த பிறகு, கடற்பயணத்தில் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயணிகளைக் கூட்டி ஒத்திகை நடத்த வேண்டும் என்று உலக விதியைக் கடுமையாக்கினார்கள். ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக சங்கு ஊதினால் ஆபத்து என்று பொருள். உயிர்காப்பு அங்கியோடு நமக்குச் சொன்ன இடத்தில் போய் நிற்க வேண்டும். செல்பி எடுக்கிற நேரம் அது இல்லை.

பெட்டியில் என்னென்ன என்று கேட்கிறீர்கள். சொட்டு மருந்து இரண்டு செட், இரண்டு பையில். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். நோய், மருந்து, ரத்த வகை, பெரியவன் நம்பர் எல்லாம் எழுதிய ஒரு பக்கத் தாள், பிளாஸ்டிக் உறையில். ஆதார் அட்டை, நகல். கையில் கொஞ்சம் ரொக்கம். வழுக்காத கேன்வாஸ் ஷூ. குளிர்சாதன அறைக்குப் போர்வை. கழுத்தில் மாட்டும் சின்ன டார்ச். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு முறுக்கு, ஊறுகாய். ஆளுக்கு ஒரு பெட்டி, நாமே தூக்கும் எடை.

என் பங்குக்கு ஒரு ஆசை உண்டு. 33 வருஷம் பிள்ளைகளுக்குப் பூமி உருண்டை என்று நடத்தியிருக்கிறேன். ஆரஞ்சுப் பழத்தில் தீக்குச்சியைக் குத்தி, தூரத்துக் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறையும், உச்சி கடைசியில் மறையும் என்று காட்டியிருக்கிறேன். நம்மில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. 16 மீட்டர் உயரத் தளத்தில் நின்றால் அடிவானம் சுமார் 14 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். எதிரே இன்னொரு கப்பல் வந்தால் பார்த்துவிடுவேன். தூரக் கணக்கும் போட்டாயிற்று. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர், கடல் மைலில் 730. மணிக்கு 12 கடல் மைல் வேகம் என்றால் அறுபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போர்ட் பிளேருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மதுரையைவிட அது 14 டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிஷம். அங்கே எத்தனை நிமிஷம் முன்னாடி பொழுது விடியும்? விடையைக் கமெண்டில் போடுங்கள். பழைய ஐந்தாம் வகுப்பு லீடர்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

நேற்று ராத்திரி சாரிடம் கேட்டேன். "ஏங்க, மூணு நாளும் வெறும் தண்ணிதான். அலுத்துப்போகாதா?" அவர் சொன்னார்: "வீட்டுல கதவு இடிக்குது, ரோட்டுல வண்டி இடிக்குது. பக்கத்துல வர்றது எதுவும் தெரியல. அங்க பக்கத்துல ஒண்ணுமே இருக்காதுல்ல."

இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்லப்போவதில்லை.

கரை தாண்டியதும் போன் வேலை செய்யாது. மூன்று நாள் என் நம்பர் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், பெரியவனையும் போன் போட்டு அரிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தங்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைத்ததும் ஒரு போட்டோ போடுகிறேன். சார் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டோ. முதுகுதான் தெரியும், பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
வில்லாபுரம், மதுரை