விரல்தானே என்று விடலாமா?

கால் முறிந்தால் ஊரே கூடிவிடும். விரற்கணுவில் அடிபட்டாலோ, "விரல்தானே, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று கூறி, எண்ணெயைச் சூடாக்கித் தடவி, இழுத்து உருவிவிடுவதோடு நம் இல்லங்களில் வைத்தியம் முடிந்துவிடுகிறது. இழுத்து விடுவதற்கென்றே தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகளே, கயிறு போன்ற தசைநாண்களின் வழியாக அதை இயக்குகின்றன. பேச்சு வழக்கில் நாம் நரம்பு என்று சொல்வது பெரும்பாலும் இந்நாணையே. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் மூன்று கணுக்கள் உண்டு: நுனிக்கணு, நடுக்கணு, கையை முட்டியாக மடக்கும்போது புடைத்து நிற்கும் அடிக்கணு. ஒரே விரலில் இருப்பினும் மூன்றுக்கும் ஒரே மருத்துவம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகள் மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போது வலக்கை நடுவிரலின் நுனி மடங்கிற்று. பெரிய வலி இல்லை, வீக்கமும் அதிகமில்லை. ஆனால் நுனி தலைகவிழ்ந்து நின்றது. மறு கையால் நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் விழும். அவளோ தையல் வேலையால் குடும்பத்தைத் தாங்குபவள். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, நுனியை நிமிர்த்தும் நாண் அறுந்திருக்கிறது என்றார். அறுவை வேண்டாம், நுனிக்கணுவை நேராக நிறுத்தும் சிறு தப்பையை 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் அணிய வேண்டும். துடைப்பதற்காகக் கழற்றினாலும் விரல்நுனியை மேசைமேல் ஊன்றி நேராகவே வைத்திருக்க வேண்டும். ஒருமுறை மடங்கினாலும் நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கேட்பதற்கு எளிதுதான். "நரம்பு பிசகியிருக்கிறது, உருவிவிட்டால் போதும்" என்று வந்தவர்கள் எத்தனை பேர்! அறுந்த நாணை உருவினால் அது ஒட்டுவது எங்ஙனம்? நான்காம் வாரத்தில், ஈரமான தப்பையை மாற்றும்போது பேரன் ஓடிவந்து கையில் மோத, நுனி மடங்கிவிட்டது. அவள் அழவில்லை, நாட்காட்டியில் புதிதாக ஒரு வட்டம் போட்டாள். 10 வாரங்களுக்கு மேல் வருமானம் பாதியாயிற்று. இன்று நுனி சற்றே சாய்ந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கத் தடையில்லை.

நடுக்கணுவின் கதை வேறு. கைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பந்து விரல்நுனியில் நேராக மோதி இக்கணு வீங்கும். முறிவோ நழுவலோ இல்லையெனத் தெரிந்தபின், நெடுநாள் அசையாமல் கட்டிவைப்பதே கேடு, கணு விறைத்துவிடும். பக்கத்து விரலோடு நாடாவால் இணைத்துக் கட்டி, மெல்ல மடக்கி நீட்டப் பழக்குவர். வீக்கம் பல மாதம் நீடிப்பதுண்டு. ஆனால் தன் பலத்தால் நடுக்கணுவை நிமிர்த்த இயலாவிடில் அங்கும் நாண் அறுந்திருக்கலாம். அப்போது தப்பை வேண்டியிருக்கும்.

அடிக்கணு, சினத்தின் கணு என்றே சொல்லலாம். சுவரைக் குத்தியபின் சிறுவிரலின் கணு அமிழ்ந்து போனால், அதன் கீழுள்ள எலும்பு முறிந்திருக்கக்கூடும். மடக்கும்போது ஒரு விரல் மற்றொன்றின்மேல் ஏறினால் எலும்பு திருகியுள்ளது. இவற்றினும் கொடியது பிறர் பல் பட்ட சிறு கீறல். மடங்கிய முட்டியில் பல் இறங்குகிறது. விரலை நீட்டியதும் தோல் மேலே மூடிக்கொள்கிறது. எச்சிலின் கிருமிகள் மூட்டுக்குள் தங்கிவிடுகின்றன. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "கதவில் இடித்துக்கொண்டேன்" என்று வெட்கத்தால் மறைக்கும் இளைஞர் கணுவையே இழக்க நேரிடும்.

எந்தக் கணுவில் அடிபட்டாலும் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்து, கையை உயர்த்திப் பிடிக்கலாம். வீங்கியபின் மோதிரம் இறுகினால் இரத்த ஓட்டமே தடைபடும்; மருத்துவமனையில் அதை வெட்டி எடுப்பார்கள். திருமண மோதிரமாயிற்றே என்று தயங்கும் தாய்மார்கள் நம்மில் உண்டு. வெட்டிய மோதிரத்தைப் பொற்கொல்லர் அரை நாளில் ஒட்டித் தந்துவிடுவார்.