இரைச்சலுக்குள் ஒரு விண்ணப்பம்

வாசிக்க: சங்கீதம் 40, ஆமோஸ் 5:21-24



இந்த வாரத் தியானத்தை ஒரு பழைய ஒலிநாடாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1986ஆம் ஆண்டு அது. எனக்கு 16 வயது. ஆரணியில் நாங்கள் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி இருந்தது. காலையில் ஒரு வீட்டில் தொடங்கும் தறியோசை அடுத்த வீட்டைத் தொட்டு, சிறிது நேரத்தில் தெரு முழுவதும் பரவிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அது மூச்சைப்போல, இருப்பதே தெரியாது.

அந்தக் கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் பெரியப்பா மகன், ஒரு ஒலிநாடாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் ஒரு பக்கத்தில் இளையராஜா இசையமைத்து அவ்வாண்டு வெளிவந்த ‘விக்ரம்’ படப் பாடல்கள். மறுபக்கத்தில் அயர்லாந்து நாட்டு இசைக்குழுவான ‘யூ2’ 1983இல் வெளியிட்ட ‘வார்’ என்னும் பாடல் தொகுப்பு. பாடுகிறவர் யார், எந்த நாட்டார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பேரிகைபோல் முழங்கும் டிரம்ஸ், இரும்பை இரும்பால் உரசுவதுபோன்ற கிட்டார், நடுவே ஒரு மனிதனின் கதறல். ஆங்கிலச் சொற்கள் பாதி புரியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அந்த வயதில் எனக்குள் இருந்த இரைச்சலுக்கு முதன்முறையாக வெளியே ஒரு துணை கிடைத்ததுபோல் இருந்தது.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். ஆலயப் பாடகர் குழுவில் மூத்தவர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அவருக்கு உயிர். அவர் வீட்டில் இருக்கும்போது நான் ஒரு தந்திரம் செய்வேன். தெருவில் தறிகள் ஓடும் நேரத்தில் மட்டுமே அந்த நாடாவை ஓடவிடுவேன். தறியோசை என் பாட்டோசையை மறைத்துவிடும். ஒருநாள் மதியம் உணவுக்காகத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றதை நான் கவனிக்கவில்லை. தெரு அமைதியாகிவிட்டது; என் அறையிலிருந்து கிட்டார் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. அப்பா வந்து நின்றார். “இது பாட்டா? தகரக் கூரையில் கல் விழுகிற சத்தம்!” என்று சொல்லி, நாடாவை எடுத்துத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு நெசவாளரின் திண்ணையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “சத்தத்துக்கு நான் பயப்படமாட்டேன் தம்பி. சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம். தறி நின்றுவிட்டது என்று அர்த்தம்” என்றார். பிறகு குழித்தறியில் கால்களை இறக்கி மிதிகட்டையை மிதித்தார். மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் உயர்கிறது. உயர்ந்த நூல்களுக்கும் தாழ்ந்த நூல்களுக்கும் நடுவே நாடா ஊடையை இழுத்துக்கொண்டு பாய்கிறது. தெருவில் நிற்பவனுக்கு வெறும் தடதடப்பு. தறியில் இருப்பவருக்கோ ஒவ்வொரு தட்டும் ஓர் இழை. ஓசை சற்று மாறினாலும், எங்கோ குறை இருக்கிறது என்று அவர் கை நின்றுவிடும். இரைச்சல் என்று நாம் ஒதுக்குவதற்குள் ஒரு சேலை நெய்யப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை அன்று கண்டேன். ஆனால் கற்றுக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து அப்பா ஒன்றும் சொல்லாமல் நாடாவைத் திருப்பிக் கொடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இறையியல் கல்லூரி விடுதியில் ஒரு நண்பர் அதைக் கேட்டுவிட்டு, கடைசிப் பாடலின் பெயர் என்னவென்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதன் பெயர் ‘40’. நாற்பதாம் சங்கீதம்! வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். பொருள் தெரியாமல் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தவை தாவீதின் வார்த்தைகள். ஆண்டவருக்காகப் பொறுமையோடு காத்திருந்தவனை அவர் குழியிலிருந்து தூக்கியெடுத்து, சேற்றிலிருந்து விடுவித்து, அவன் வாயில் புதிய பாட்டை வைக்கிறார். அத்துடன், இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கும் ஆறாம் சங்கீதத்தின் ஏக்கத்தையும் அந்தப் பாடல் இணைத்துக்கொள்கிறது. அந்தக் குழுவினர் தங்கள் இசை நிகழ்ச்சிகளை இப்பாடலோடு முடித்து மேடையைவிட்டு இறங்கிய பிறகும், கூடியிருந்தவர்கள் அந்த ஏக்கத்தைத் தொடர்ந்து பாடிக்கொண்டிருப்பார்களாம். அப்பா பூட்டிவைத்த பெட்டிக்குள் இருந்தது ஒரு ஜெபம்.

அப்பாவைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர் நேசித்த கீர்த்தனைகளும் ஒருகாலத்தில் புதிய ஓசையாகவே இருந்தன. ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைப் பாடி வந்த சபையில், 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். நம் காலத்தில், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு ஐயா நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் அழைத்து வந்தார். சமுதாயம் தீட்டென்று ஒதுக்கிய தோற்கருவி ஆண்டவருக்கு முன்பாக ஒலித்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவருடைய மன்றாட்டு மற்றவருக்கு இரைச்சலாகவே கேட்டிருக்கிறது.

இப்போது சொல்லத் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன். இவ்வளவும் அறிந்த நான், போதகராகப் பணியேற்ற முந்தைய சபை ஒன்றில் என்ன செய்தேன் தெரியுமா? வாலிபர் ஆராதனைக்கு ஒரு தம்பி எலக்ட்ரிக் கிட்டாருடன் வந்தான். தானே எழுதிய பாடலைப் பாடத் தொடங்கினான். ஓசை செவியைப் பிளந்தது. மூப்பர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஒலிபெருக்கியை நிறுத்தினேன். “இது ஆலயம், தம்பி” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் கிட்டாரை உறையில் இட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. சில வாரங்களுக்கு முன்பே அவன் தாயை இழந்திருந்தான். அடக்க ஆராதனையை நடத்தியவனே நான்தான். அந்தப் பாடல் எதைப் பற்றியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தாவீது ஆடிப்பாடியபோது பலகணியிலிருந்து பார்த்து அவமதித்த மீகாளை நாம் எளிதாகக் குற்றப்படுத்துகிறோம். அன்று அந்தப் பலகணியில் நின்றவன் நான்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில், பாடல்களின் இரைச்சலை அகற்றும்படி ஆண்டவரே சொல்லுகிறார். அந்த வசனத்தை முன்பு நான் வாலிபருக்கு எதிராகப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். நியாயமும் நீதியும் தண்ணீரைப்போல் பெருகி ஓடவேண்டும் என்றே அவர் கேட்கிறார். ஓசையின் அளவைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர் வெறுத்தது, எளியவனை மிதித்துவிட்டு இனிமையாய்ப் பாடியவர்களின் ஆராதனையை. அன்பில்லாத பேச்சையே பவுலும் ஓசையிடும் வெண்கலம் என்கிறார். அப்படியானால், அன்றைய ஆராதனையில் வெண்கலமாய் ஒலித்தது எது? கிட்டாரா, என் குரலா?

நாற்பதாம் சங்கீதம் புதிய பாட்டோடு முடிவதில்லை. பிற்பகுதியில் சங்கீதக்காரன் மறுபடியும் துன்பத்தில் நின்று, தாமதியாமல் வரும்படி கெஞ்சுகிறான். துதிக்கும் கதறலுக்கும் ஒரே சங்கீதத்தில் இடமிருக்கிறது. நம் ஆலயத்தில் இருக்கிறதா?

சென்ற மாதம் அந்தத் தம்பியின் எண்ணைத் தேடிப் பெற்று அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் மறுமுனையில் அமைதி. பின்பு, “ஒரு தடவை முழுசாகக் கேட்டிருக்கலாமே, ஐயா” என்றான். அவ்வளவுதான். அந்தப் பாடலை இப்போது அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் மகனோ மகளோ காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாடல்களில் ஒன்றை அவர்களோடு அமர்ந்து முழுவதும் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்பதில்லை. எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்றும் நான் சொல்லவில்லை. “இதில் உனக்கு எது பிடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக நன்றி செலுத்துங்கள்.

ஜெபம்: குழியிலிருந்து கூப்பிட்ட குரலுக்குச் செவிசாய்த்த ஆண்டவரே, நாங்கள் கேட்க மறுத்த குரல்களையும் நீர் கேட்டீர் என்று நம்புகிறோம். எங்களால் விலகிப்போனவர்களைத் தேடிச்செல்லும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகளின் வாயில் நீர் வைக்கும் புதிய பாட்டைப் பொறுமையோடு கேட்கும் செவியையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.