அன்னை தந்த முதல்

"பொருளாதாரம் மீண்டுவிட்டது!" என்கின்றன புள்ளிவிவரங்கள். மறுக்கவில்லை, மகிழ்கிறோம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு வீழ்ந்த நாட்டின் உற்பத்தி, அடுத்த ஆண்டே நிமிர்ந்தது உண்மை. ஆனால், எவர் தோளைப் பற்றி நிமிர்ந்தது? விடையை எம் இல்லத்திலேயே கண்டோம்.

ஊரப்பாக்கம் இரயில் நிலையத்தருகே இட்லிக்கடை நடத்தியவர் எம் அன்னை. காலை வண்டி பிடிக்க விரையும் தொழிலாளரே அவருடைய வாடிக்கையாளர். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வண்டி நின்றது, அடுப்பு அணைந்தது, வாடகை மட்டும் நிற்கவில்லை. கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இசைந்தது. ஆகஸ்ட் வரை தவணை உறங்கிற்று. வட்டி உறங்கவில்லை!

கடையை மீண்டும் திறக்க முதல் வேண்டுமே! கல்லூரி மாணவராயிருந்த எம்மிடம் இருந்தவை ஏடுகள் மட்டுமே. அன்னை தம் தாலியைக் கழற்றினார், அடகு வைக்க.

"கணவன் இருக்கக் கழற்றுவதா? குடும்பத்துக்கு ஆகாதே!" என்று குமுறினர் உறவினர்.

"பிள்ளைகள் பட்டினி கிடந்தால் மட்டும் ஆகுமா?" என்று கேட்டார் அன்னை.

இடியும் விழவில்லை, இடரும் வரவில்லை. தந்தை மாவாட்டினார், நாம் பாத்திரம் துலக்கினோம், கடை திறந்தது.

அந்த ஆகஸ்டில்தான், நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை தந்த கடனை 90 வரை தரலாமென, 2021 மார்ச் முடிய, வங்கிகளுக்கு விதி தளர்ந்தது. எத்தனை கழுத்துகள் வெறுமையாயினவோ! தெருவணிகருக்கு ஈடின்றி 10,000 ரூபாய் கடன் தரும் திட்டமும் அவ்வாண்டு ஜூனில் வந்தது. நல்ல திட்டமே. ஆனால் வாடகைக் கடைக்காரியான அன்னை தெருவணிகர் பட்டியலில் இல்லை.

இன்று நாம் ஆசிரியர். "தொழிலுக்கு முதல் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டோம்.

"அம்மாவின் நகை" என்றாள் ஒரு சிறுமி.

பிழையென்று சொல்ல நா எழவில்லை. பெண்ணின் உழைப்பை நம்பி, ஈடு கேளாது, சிறுகடைக்கும் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் நாள் வரட்டும். அந்த விடை பிழையாகும் நாளே மீட்சி நாள்!