118 அடி கிடார்

மேட்டூர் அணை நிரம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 120 அடி. அதற்கு மேல் காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் உபரியை 16 கண் மதகு வழியாக அனுப்பிவிடுவார்கள். எலெக்ட்ரிக் கிடார்காரர்கள் காலால் மிதிக்கிறார்களே ஒரு சின்ன டப்பா, ஓவர்டிரைவ் பெடல், அது செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இந்த ஆராய்ச்சி எனக்கெதற்கு என்கிறீர்களா? என் அக்கா மகன் மேட்டூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறான். ஆடிப்பெருக்கு, மாரியம்மன் பண்டிகை, கல்யாண ரிசப்ஷன் என்று சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் வேன் ஏறிப் போகிறான். போன சீஸனில் குழுத் தலைவர் ஒரு குண்டைப் போட்டுவிட்டார். 'தம்பி, உன் கிடார் கேக்கவே மாட்டேங்குது. கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்கு. அத வெச்சே ஓட்டிடலாம்னு பாக்கறேன்.'

பையன் போன் செய்தான். 'மாமா, ஒரே ஒரு பெடலுக்குத்தான் காசு இருக்கு. எல்லாப் பாட்டுக்கும் ஆகணும். எதை வாங்கட்டுங்க?' நான் ஒரு காலத்தில் சால்டரிங் அயர்னோடு குடித்தனம் நடத்தியவன். அந்த உரிமையில் கேட்கிறான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில் ஒரு பேஸ் கிடார் பிட்டு வரும். ஒலிப்பதிவின்போது மிக்ஸரில் ஒரு சேனல் பழுது. சத்தம் கரகரவென்று வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. மறு வருஷமே அந்தக் கரகரப்பை டப்பாவில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கம்பியின் அதிர்வைப் பெடல் பல மடங்கு பெருக்குகிறது. ஒரு வரம்பை எட்டியதும் சின்னஞ்சிறு டயோடுகள் மதகைத் திறக்கின்றன. அலையின் உச்சி மழுங்குகிறது. அதுதான் அந்த அடித்தொண்டைக் கரகரப்பு. மெதுவாக மீட்டினால் வரம்பை எட்டாது. சத்தம் சுத்தமாக இருக்கும். இன்னொன்று: நிரம்பிய அணையில் வரத்து சற்றுக் குறைந்தாலும் மட்டம் 120-லேயே நிற்குமல்லவா? அதுபோல அதிர்வு தேய்ந்தாலும் ஸ்வரம் சட்டென்று சாகாமல் நீள்கிறது. நீண்டால்தானே வளைக்க முடியும்! கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு ஆல்பமே போட்டிருக்கிறார்.

இனி கடை. க்ளான் சென்டார் என்று ஒரு பெடல் உண்டு, 1990களில் வந்தது. யாரும் காப்பியடிக்காமலிருக்க உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பழசே இன்று லட்சக்கணக்கில். அதை மறந்துவிடலாம். ஐபனீஸின் டியூப் ஸ்க்ரீமர், அடிச்சத்தத்தைக் குறைத்து நடுப்பகுதியை, சுமார் 720 ஹெர்ட்ஸ் அருகே, தூக்கிக் காட்டும். வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது மாதிரி இருக்கும். மேடையில் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே அந்த மூக்குதான் கூட்டத்தை எட்டும். பாஸ் கம்பெனியின் எஸ்டி-1, இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 1981-லிருந்து இருக்கிறது. விலையும் சாது.

பிராண்டைவிட முக்கியம் மூன்று சோதனைகள். டிரைவ் குமிழைக் குறைத்து வைத்து, மெதுவாகவும் அழுத்தியும் மீட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிய வேண்டும். கிடாரின் வால்யூமைப் பாதியாக்கினால் கரகரப்பு விலக வேண்டும். ஒரு கார்டு அடித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றிலும் தேறினால் தாலாட்டுக்கும் ஆகும், குத்துப்பாட்டுக்கும் ஆகும்.

'மேடையில ஆம்ப் உண்டா, நேரா மிக்ஸரா?' என்று கேட்டேன்.

'மிக்ஸர்தானுங்க மாமா.'

சிக்கலே அங்கேதான். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சை விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் விழுங்காது. பெடலை நேரே மிக்ஸரில் செருகினால் தகர டப்பாவுக்குள் வண்டு! ஆகவே, ஒரு சின்ன ஆம்ப் வைத்து அதன் முன்னே மைக், இல்லையென்றால் ஸ்பீக்கர் சிமுலேட்டர். 'காசு முழுசையும் பெடல்ல போடாதே மாப்ளே' என்றேன்.

எஸ்டி-1 வாங்கினான். மிச்சத்தில் பழைய ஆம்ப் ஒன்று. 'டிரைவை 118 அடியில வை. மிச்சம் 2 அடி உன் விரலுக்கு' என்று சொல்லியனுப்பினேன். கீபோர்டில் இருக்கும் கிடாருக்கு அந்த 2 அடி கிடையாது. பையனின் வேலை நிற்பதும் போவதும் அதில்தான்.

முதல் கச்சேரி முடிந்து தலைவர் ஒன்றும் பாராட்டவில்லையாம். வேனில் ஏறும்போது, 'வெள்ளிக்கிழமை ராசிபுரம். 4 மணிக்கு வந்துடு' என்றாராம்.