குலுங்காமல் இறங்கும் குழாய்

நண்பரின் மைத்துனருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. காசநோயாக இருக்கும் என்று சில வாரங்கள் போயின. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது லிம்போமா, நிணநீர்ப் புற்று. அடுத்து ரத்தம் எடுத்தார்கள். எல்டிஹெச் எகிறியிருந்தது, வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொருவர் எடுத்த ரத்தத்தில் அதே எல்டிஹெச் சாதாரண அளவில் இருந்தது. "நோய் மாறல. ஊசி போட்ட கை மாறுச்சு" என்றார் நண்பர். அந்த இரண்டாவது கையைப் பார்க்கத்தான் ஏற்காடு ஏறி வெள்ளக்கடைக்குப் போனேன்.

வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுப்பவர் என்றதும் வெள்ளை அங்கி ஆளை எதிர்பார்த்திருந்தேன். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தவர், "உக்காருங்க சார், ஒரு பாட்டி வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகணும், தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றார்.

எல்டிஹெச் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களுக்குள்ளும் இருக்கிற நொதி. செல் உடைந்தால் வெளியே கசியும். வேகமாகப் பெருகி, வேகமாகச் சாகிற புற்று செல்கள் அதை ரத்தத்தில் கொட்டுகின்றன. கல்லீரல், தசை பாதிக்கப்பட்டாலும் ஏறும் என்பதால் இது மட்டும் நோயைச் சொல்லாது. நோய் இருப்பது தெரிந்தபின் அதன் வேகத்தைச் சொல்லும். வீரியமான லிம்போமாவுக்கு 1993-இல் வந்த சர்வதேச முன்கணிப்புக் குறியீடு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: வயது 60-ஐத் தாண்டியதா, நோய் எவ்வளவு பரவியது, நெறிகளுக்கு வெளியே எத்தனை இடம், ஆள் நடமாட முடியாமல் போனாரா, எல்டிஹெச் ஏறியதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி குறைந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 73 சதவீதம், மிகுந்தவர்களில் 26. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து வருவதற்கு முந்தைய கணக்கு இது. இன்று நிலைமை தேவலை. ஐந்தில் நான்கை ரத்தம் எடுப்பவரால் கெடுக்க முடியாது. ஐந்தாவது அவர் விரலில் இருக்கிறது.

ஏனென்றால் சிவப்பணுவுக்குள்ளும் எல்டிஹெச் உண்டு, வெளியே உள்ள நீரில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கு மேல். உடம்புக்குள் செல் உடைந்ததா, குழாய்க்குள் உடைந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

பாட்டி காப்பித் தோட்டத்தில் முதுகு வளைந்தவர். சிகிச்சை முடிந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார். குளிரில் நரம்பு ஒளிந்துகொண்டது. "பாட்டி, சுடுதண்ணி டம்ளரைப் பிடிச்சுக்க." கை சூடானபின் ரப்பர் கட்டு போட்டார். ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்த்தார். ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்தார். "ஈரத்தோட குத்தினா அணு உடையும் சார்." மிக மெல்லிய ஊசி வலிக்காது, ஆனால் செல்லை நசுக்கும், 21 நம்பர் ஊசிதான் அவருக்கு. குழாயை ஐந்தாறு முறை மெதுவாகக் கவிழ்த்தார். குலுக்கவில்லை.

இந்தக் கை எங்கே கற்றது என்று கேட்டேன். சேலத்தில் படித்ததைச் சொல்வார் என்று நினைத்தேன், அம்மாவைச் சொன்னார். பத்து வயதில் பழம் பறிக்க அழைத்துப்போனாராம். சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்கணும், கிளையை உருவினால் முதுகில் ஒன்று விழும். கிளை ஒடிந்தால் அடுத்த வருஷக் காப்பு போச்சு. "ஊசி பிடிக்கறப்ப அந்த அடி இப்பவும் ஞாபகம் வரும்."

வீட்டுக்குத் திரும்பி அரைமணி நேரம் குழாயை நிற்க வைத்தார், உறைவதற்கு. பிறகு சுற்றுகிற மிஷின். எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிய குழாய். மின்சாரம் போனால் வேலை நின்றுவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி போகும். மேலே தெளிந்த நீரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வைக்கோல் நிறம். "பிங்க் அடிச்சா கொட்டிட்டு மறுபடி குத்தணும். யாருக்கு மனசு வரும்? அப்படியே அனுப்பிடறாங்க." ஐஸ் பெட்டியிலும் வைக்க மாட்டார். குளிரில் இந்த நொதி செயலிழந்து அளவு குறைவாகக் காட்டும்; அது இன்னொரு பொய். சேலம் லேபில் புற ஊதா ஒளியை வைத்து அளக்கும் முறையை விளக்கினார். எனக்குப் புரியவில்லை, தலையாட்டினேன்.

2018-இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: ரத்தத்தில் மிதக்கும் புற்று டிஎன்ஏ முதல் சுற்று மருந்திலேயே நூறில் ஒன்றாகக் குறைந்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் நிற்கும் வாய்ப்பு அதிகம். அதைச் சொன்னேன். "அதுலயும் அணு உடையக் கூடாதில்ல?" என்றார். கூடாதுதான். வெள்ளணு உடைந்தால் அதன் டிஎன்ஏ கலந்து கணக்கைக் குழப்பும்.

பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நான்தான் பேசினேன். சோதனைக் காசில் லேப் பலகை மாட்டியவருக்கு ஒரு பங்கு, சீட்டு எழுதியவருக்கு ஒரு பங்கு, நடுவில் போன் பேசுபவருக்கு ஒரு பங்கு. மிளகு மூட்டைக்கு நடப்பதேதான் ரத்தக் குழாய்க்கும் நடக்கிறது. இவருக்கு மிஞ்சுவது பெட்ரோல் போக டீச் செலவு. அவசரமாகக் குத்திக் குலுக்கி நாளைக்கு முப்பது குழாய் சேர்ப்பவருக்கும், ஒன்றைச் சுத்தமாக எடுப்பவருக்கும் குழாய்க்கு ஒரே கூலி. பிங்க் அடித்ததற்கு யார் சம்பளத்தில் பிடித்தார்கள்? நான் சத்தம் போட்டுப் பேசியிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தார்.

சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. குழாய்களைத் துணியில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைக்காமல் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. அவர் வேகம் இருபதைத் தாண்டவில்லை. வழியில் டீக்கு நிறுத்தினோம். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றுகொண்டே குடித்தார், குனிந்தால் குழாய் சாயும் என்று.