பூ பார்க்கப் போகிறேன்

வார இறுதி என்ற சொல் தமிழுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு வெள்ளி வீடு கழுவி விளக்கு வைக்கும் நாள். சனி ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அதற்கு வெந்நீர் போடுவதும் சீயக்காய் கரைப்பதும் அவர்தான். ஞாயிறு கறி எடுக்கும் நாள். மூன்று நாளும் மற்ற நாட்களைவிட வேலை கூடுதலான நாட்கள்.

ஞாயிறு விடுமுறை சும்மா கிடைத்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி, 1890-இல்தான் வாரம் ஒருநாள் ஓய்வைப் பெற்றுத் தந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த பெரிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். இதைப் படித்தபோது, அந்தப் பெண்கள் கேட்டுப் பெற்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குள் எப்படிக் கழிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆலையில் சங்கு ஊதாத நாளிலும் அடுப்பு எரிந்திருக்கும்தானே.

இருபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியையாக வேலை பார்த்தேன். குறிஞ்சித்திணையில் முனைவர் பட்ட ஆய்வும் பகுதிநேரமாக நடந்துகொண்டிருந்தது. கணவரும் நான்கு வயது மகனும் மாமியாரும் திண்டுக்கல்லில். மலையில் எனக்கு ஒரு அறை, ஒரு ஸ்டவ், காயாத துணிகள்.

அடுத்த அறைக்கு அயர்லாந்திலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை வந்து சேர்ந்தாள். வயது இருபத்தாறு. பிள்ளைகள் மிஸ் என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நான் சொல்லிக்கொடுத்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் ‘அக்கா’வைப் பிடித்துக்கொண்டு என்னை அப்படித்தான் அழைத்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் இருவர் வாழ்க்கையும் ஒன்றுதான். ஆறு மணிக்குப் பனியில் மணி அடிக்கும். வகுப்பு, திருத்த வேண்டிய நோட்டுகள், மாலை நான்கு மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி, ராத்திரி படிப்பு மேற்பார்வை. இரண்டு பேரும் மொழிதான் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் சம்பள ஏணி வேறு வேறு. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று, உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று. என் பட்டமும் அனுபவமும் அவளுடையதைவிட அதிகம் என்பது அந்த ஏணியில் கணக்கில் வரவில்லை. அதை அவளே ஒருநாள் கண்டுபிடித்து, முகம் சிவந்து என்னிடம் கேட்டாள். எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

வெள்ளி மாலைதான் நாங்கள் பிரிந்துபோகும் இடம். நான் கேரட்டும் பேரிக்காயும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிப்பேன். பெருமாள்மலை, ஊத்து, வத்தலக்குண்டு என்று கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி இறங்கி வீடு சேர ஒன்பதாகிவிடும். போனவுடன் அரிசி ஊறப்போடுவேன். சனிக்கிழமை மாவாட்டுவது, யூனிஃபார்ம் துவைப்பது, ஒரு வாரத்துக்கான பொடிகள் அரைப்பது. ஞாயிறு கறிக்குழம்பு வைத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் மலையேறுவேன். அவள் ஒரு வரைபடமும் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். ஒரு வாரம் வட்டக்கானல், ஒரு வாரம் செண்பகனூர் அருங்காட்சியகம், ஒரு வாரம் வனத்துறை அனுமதி வாங்கி பேரிஜம் ஏரி. திங்கள் காலை இருவரும் கண் சிவந்து நிற்போம். அவள் வெயிலில் அலைந்தவள், நான் பஸ்ஸில் தூங்காதவள்.

அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதைவிட, இந்த மலை யாருக்காக இப்படி அமைந்தது என்ற கேள்வி இருந்தது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்தபின், 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். 1872-இல் கோக்கர் மலைவிளிம்பில் நடைபாதை போட்டார். உலவுவதற்காகவே போட்ட பாதை! 1901-இல் மிஷன் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளிக்கு முதல் பொறுப்பாளராக இருந்தவர், மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எட்டி என்ற பெண்மணி. வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்ததும் 1960-இல் இறந்ததும் இந்த ஊரில்தான்.

இந்தப் பெண்களை என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மதுரையில் 1948-இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கியவர் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை. அந்தக் கல்லூரி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். ஆனால் சாலை வருவதற்கு முன் மேலே வந்த துரைமார்களும் துரைசாணிகளும் நாற்காலியிலும் டோலியிலும் வந்தார்கள். அவற்றைச் சுமந்தவை கீழ்நாட்டுத் தோள்கள். பங்களாக்களில் பிள்ளை பார்த்த ஆயாக்களுக்கு எந்த நாள் விடுமுறை? ஒரு பெண் காற்று வாங்க நடந்தால், அவள் வீட்டுப் பாத்திரத்தை வேறொரு பெண் கழுவிக்கொண்டிருந்தாள். என் ஐரிஷ் தோழிக்கு அப்படி ஆள் யாரும் இல்லை, தன் துணியைத் தானே துவைத்தாள். நூறு வருடத்தில் அவ்வளவு மாறியிருக்கிறது. என் பக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

2006-ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, செடியே மடிந்துபோகும் பூ. நான் திணையையே ஆய்வுப் பொருளாக வைத்திருந்தவள். வகுப்பில் ‘மலையும் மலை சார்ந்த இடமும்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பூவைப் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்தார்.

“இந்த வாரம் வரலை அத்தை.”

“ஏம்மா, ஸ்கூல்ல வேலையா?”

“வேலை இல்ல அத்தை. பூ பார்க்கப் போறேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி, மாவு தீர்ந்துபோச்சு” என்றார். ‘வேலை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு சுலபமாக முடிந்திருக்கும். நம் பெண்கள் எல்லோரும் அறிந்த வழி அது. கோயில், மருத்துவமனை, துக்க வீடு, பரீட்சை என்று ஏதாவது ஒரு காரணத்தின் நிழலில்தான் வெளியே போகிறோம். அன்றைக்கு எனக்குக் காரணம் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் நானும் மிஸ்ஸும் மன்னவனூர் பஸ்ஸில் ஏறினோம். பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு படிக்கட்டாகப் பூண்டும் உருளைக்கிழங்கும். பஸ்ஸில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் பெண்கள். தலையில் துண்டு, மேலே ஆண்களின் பழைய ஸ்வெட்டர், மடியில் தூக்குவாளி. மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள்.

“எங்கம்மா போறீங்க? வீட்டுக்காரர் வரலையா?”

“குறிஞ்சி பூத்திருக்குன்னாங்க, பார்க்கப் போறோம். அவர் ஊர்ல இருக்காரு.”

“புள்ள?”

“அவங்கப்பாகூட இருக்கான்.”

வெள்ளைக்காரப் பெண் தனியாகச் சுற்றுவது அவர்களுக்கு இயல்பாகத் தெரிந்தது. நான் சுற்றுவது விசாரிக்கத்தக்கதாக இருந்தது. ஆனால் அதில் குத்தல் இல்லை. வயதான ஓர் அம்மா மட்டும் என் கையைத் தட்டி, “போய்ப் பாரு தாயி. நாங்க தெனம் அதுக்குள்ளதான் நடக்கிறோம், நின்னு பார்க்க நேரம் ஏது? பூத்தா தேன் நல்லா இருக்கும்” என்றார். பேச்சு கூலிக்குத் திரும்பியது. ஒரே காட்டில், ஒரே நேரம் குனிந்து எழுந்தாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பள்ளியின் இரண்டு ஏணிகள் அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மன்னவனூரைத் தாண்டி ஒரு புல்வெளிச் சரிவில் பூவைப் பார்த்தேன். இடுப்பளவுச் செடிகள், நீலமும் ஊதாவும் கலந்த சின்ன மணிகள். தனியாக ஒரு பூவை எடுத்தால் பெரிய அழகில்லை. சேர்ந்து நிற்கும்போது சரிவே நிறம் மாறியிருந்தது. தேனீக்களின் இரைச்சல் காதை அடைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் குறிஞ்சிப்பாட்டு எனக்கு வேறு மாதிரி விளங்கியது. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்பார்கள். வேற்றுமொழிக்காரருக்குப் பாடம் நடத்த எழுந்த பாட்டு என்பதால் எங்கள் இருவர் தொழிலுக்கும் அது பொருத்தமானது. தலைவியும் தோழியும் அருவியில் ஆடி, தொண்ணூற்றொன்பது பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கும் இடத்தைப் பூக்களின் பட்டியலாக மட்டுமே மனப்பாடம் செய்திருந்தோம். அது ஓர் உல்லாசப் பயணம்! ஆனால் அந்தப் பெண்கள் வீட்டை விட்டு வந்தது தினைப்புனம் காக்க. கிளி விரட்டும் வேலை இருந்ததால்தான் அருவியும் பூவும் கிடைத்தன. தினை முற்றிக் கதிர் கொய்துவிட்டால் காவலும் முடியும். தலைவியை வீட்டுக்குள் அடைப்பதற்கு இலக்கண நூலார் வைத்த பெயர் இற்செறிப்பு. காதல் தெரிந்துவிட்டாலும் இற்செறிப்புதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வெளிநடமாட்டத்துக்கு ஒரு வேலை தேவைப்பட்டிருக்கிறது. என் ஆய்வேட்டின் மூன்றாவது இயல் அந்தப் பாறையில்தான் உருவானது.

இதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவள் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். அயர்லாந்தில் 1973 வரை, திருமணமான பெண்கள் அரசு வேலையில் தொடர முடியாது. கல்யாணமானால் ராஜினாமா செய்ய வேண்டும். அவளுடைய பாட்டி அப்படி வேலையை விட்டவர். “இந்த ஷூ அவங்க வாங்கிக் கொடுத்தது” என்று காலைக் காட்டினாள். அவள் சுதந்திரமும் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பொறாமை முழுதாகப் போகவில்லை, குறைந்தது.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கணவர் முதல்முறையாக மாவாட்டியிருந்தார். உளுந்து போதாமல் இட்லி கல்லாக இருந்தது. மகன் அதைத் தட்டில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பினான். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அதன்பின் மாதத்தில் ஒரு வாரம் நான் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பெரிய சண்டை வரவில்லை. சின்னச் சின்ன முணுமுணுப்புகள் இரண்டு வருடம் நீடித்தன. சில மாதங்களில் அவர்கள் மேலே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மகனை நடுவில் நடத்திப் போவோம், பிறகு குறிஞ்சியாண்டவர் கோயில். 1936-இல் அதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. வெள்ளைக்காரப் பெண்ணாகப் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, பெயரையும் மாற்றிக்கொண்டவர். அங்கிருந்து பார்த்தால், வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும். மாமியார் ஒரே ஒருமுறை வந்தார். கும்பிட்டு முடித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்துவிட்டு, “அறுபது வருசமா திண்டுக்கல்லுல இருக்கேன், இந்த மலைய கீழ இருந்தேதான் பார்த்திருக்கேன்” என்றார்.

2018-இல் மறுபடி பூத்தது. அப்போது நான் சமவெளியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். முதுகலைத் தமிழ் மாணவர்களை அழைத்துப்போக ஏற்பாடு செய்தேன். மாணவர்கள் பெயர் கொடுத்தால் போதும். மாணவிகள் தந்தையின் கையெழுத்தோடு கடிதம் தர வேண்டும் என்றது நிர்வாகம். இருபத்திரண்டு வயதில் ஓட்டுப் போடலாம், பூ பார்க்க அப்பா கையெழுத்து. கேட்டால் எல்லோருக்கும் கேளுங்கள் அல்லது யாருக்கும் வேண்டாம் என்று துறைக்கூட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் இழுத்தடித்து, எல்லோரிடமும் கடிதம் வாங்குவதென்று முடிவானது. மாணவர்கள் சிலர், “எங்களுக்கு எதுக்கு மேடம்?” என்று கோபப்பட்டார்கள். அந்தக் கேள்வியையே ஒரு மணி நேர வகுப்பாக நடத்தினேன். பத்தொன்பது மாணவிகள் வந்தார்கள். நான்கு பேருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. வந்தவர்களின் முகங்களைவிட அந்த நான்கு பெயர்கள்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

கணக்குப்படி அடுத்த பூப்பு 2030. இதைப் படிக்கும் மாணவிகளுக்கு அப்போது வேலை இருக்கலாம், குழந்தை இருக்கலாம், ஊறப்போட்ட அரிசி இருக்கலாம். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்குப் பஸ் போகிறது. செப்டம்பரில் மழை வரும், குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இடம் விட்டு உட்காருங்கள், எங்கே போகிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டிலும் அதையே சொல்லுங்கள்.